பின்னால் வருகிறவருக்காக ஒரு வால்வு

ஒரு காரில் இருக்கிற பாகங்களையெல்லாம் பட்டியல் போட்டுப் பாருங்கள். ஸீட் உங்கள் இடுப்புக்காக. ஏ.ஸி. உங்கள் வியர்வைக்காக. பிரேக் உங்கள் உயிருக்காக. முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் உங்கள் மாமியாரின் நிம்மதிக்காக. எல்லாமே காசு கொடுத்தவருக்குச் சேவகம் செய்யத்தான்.

ஓரிரண்டு ஆசாமிகள் மட்டும் விதிவிலக்கு. அவர்களில் ஒருவர் உங்கள் என்ஜினோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, உங்கள் டீசலில் சூடாகி, உங்கள் செலவில் கரி பிடித்து, முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக உழைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் ஈ.ஜி.ஆர். வால்வு.

எக்ஸாஸ்ட் காஸ் ரீசர்குலேஷன் என்பது முழு நாமதேயம். சைலன்சர் வழியாக வெளியே போகவேண்டிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி என்ஜினுக்குள்ளேயே அனுப்புகிற கதவு. ‘சீ, துப்பினதையா மறுபடி விழுங்கறது?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். விறகடுப்பு வைத்திருந்த பாட்டியைக் கேளுங்கள். தீ தாறுமாறாக எரிந்தால் மேலே கொஞ்சம் சாம்பலைத் தூவுவாள். சாம்பல் ஏற்கெனவே எரிந்து முடிந்த வஸ்து. அது மறுபடி எரியாது, எரிவதை நிதானப்படுத்தும். என்ஜினுக்குப் புகைதான் சாம்பல்.

எதற்கு நிதானப்படுத்த வேண்டும்? நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன், 21 சதவிகிதம் ஆக்ஸிஜன். இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் வாழும் சம்பந்திகள். சாதாரணமாக ஒட்டுவதில்லை. ஆனால் சிலிண்டருக்குள் சூடு சுமார் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு நைட்ரஜன் ஆக்ஸைடுகள் என்று புது அவதாரம் எடுக்கின்றன. இந்த அவதாரம் மூச்சுக்குழாயை எரிக்கும். ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தும். வெயிலும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்தால் தரைமட்டத்தில் ஓசோனாக மாறி இன்னொரு ரவுண்டு வரும்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. 1943-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் பட்டப்பகலில் புகைமூட்டம். ஜனங்களுக்குக் கண்ணெல்லாம் எரிச்சல். செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்கிற ஓர் ஆலையின் மேல் பழியைப் போட்டு அதை மூடியும் பார்த்தார்கள். மூட்டம் போகவில்லை. பிற்பாடு ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு ரசாயனப் பேராசிரியரிடம் விஷயம் போயிற்று. அவர் அப்போது அன்னாசிப்பழத்துக்கு எப்படி வாசனை வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தை ஓரமாக வைத்துவிட்டு ஊர்க்காற்றை மோந்து பார்த்தவர், 1950-களின் தொடக்கத்தில் சொன்ன பதில்: ‘ஆலை இல்லை ஐயா, உங்கள் கார்தான்.’ 1970-களின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கார்களில் ஈ.ஜி.ஆர். வால்வு வந்து உட்கார்ந்தது. நம்மூரில் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களிலும் டெல்லி வட்டாரத்திலும் பாரத் ஸ்டேஜ் நான்கு வந்தது. டீசல் வாங்கினால் இந்த வால்வும் சீதனமாகக் கூடவே வரும் என்ற நிலைமை.

*

என்னிடம் இருப்பது 2014-ல் பிறந்த டீசல் கார். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஆண்டு அனுபவித்தது. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதுவே புஷ்பக விமானம்.

விமானம் திடீரென்று மாட்டுவண்டி ஆயிற்று. கத்திப்பாரா பாலத்தில் ஏறும்போது ஷேர் ஆட்டோக்கள் அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின. சிக்னலில் நின்றால் சாமி வந்தது போல உடம்பு உதறல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு மேகம். டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு.

மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கண்ணை மூடினார்.

“டர்போ போச்சு சார்.”

“எவ்வளவு ஆகும்ணே?”

“நாப்பத்திரண்டு. லேபர் தனி.”

வணிகவியல் மூன்று வருஷத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் மனசில் நின்றது ஒன்றுதான்: வவுச்சர் இல்லாமல் பேமெண்ட் கிடையாது. டர்போ போனதற்கு அத்தாட்சி என்ன?

டர்போ பழுதாகி ஆயில் கசிந்தால் புகையில் நீலம் தட்டும். ஆயில் அளவு குறையும். தேய்ந்துபோனால் சைரன் மாதிரி ஓர் ஊளை கேட்கும். என் வண்டியில் புகை கறுப்பு. டிப் ஸ்டிக்கில் ஆயில் வைத்தது வைத்தபடி. ஊளை இல்லை. மூன்று வவுச்சரும் ‘நில்’.

அடுத்த அத்தாட்சியைக் காரே கொடுக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 துளை வைத்த ஒரு பிளக் இருக்கிறது. நம்மூரில் 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் அநேகமாக உண்டு. அதில் செருகுகிற தீப்பெட்டி சைஸ் கருவி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. புளூடூத் மூலம் உங்கள் செல்போனோடு பேசும். வண்டியின் மனசில் இருப்பதை நம்பர் நம்பராகக் கொட்டும். என் காரின் வாக்குமூலம்: பி 0402. ஈ.ஜி.ஆர். ஓட்டம் அளவுக்கு மீறிப் போகிறது என்று அர்த்தம். பி 0401 என்று வந்திருந்தால் நேர் எதிர்: ஓட்டம் போதவில்லை, எங்கோ அடைப்பு. பி 0403 என்றால் ஒயர், கனெக்ஷன் வகையறா.

நம்பரைப் பார்த்ததும் பாகத்தை மாற்றிவிடக் கூடாது. நம்பர் என்பது எஃப்.ஐ.ஆர்.தான், தீர்ப்பு இல்லை. அதே செல்போனில் இன்னொரு திரையைத் திறந்தால், கம்ப்யூட்டர் வால்வுக்கு என்ன உத்தரவு போடுகிறது, வால்வு என்ன செய்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். என் காரில் ‘மூடு’ என்று உத்தரவு போய்க்கொண்டே இருந்தது. வால்வு நம்ம ஊர் ரிஜிஸ்தர் ஆபீஸ் மாதிரி பாதி திறந்தபடியே உட்கார்ந்திருந்தது. கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். துரு இல்லை, ஒயர் அறுபடவில்லை. ஆகவே குற்றவாளி உள்ளே இருக்கிறான்.

கதவு மூடாவிட்டால் என்ன ஆகும்? புகை ஓயாமல் உள்ளே போகும். அந்த அளவுக்கு நல்ல காற்று குறையும். காற்று குறைந்தால் டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசல் கரியாக வெளியே வரும். இழுவை செத்துப்போகும். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் வியாதியின் லட்சணங்கள் அத்தனையும் அப்படியே இருக்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கடை பரப்பினேன். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜின் என்பது முதல் விதி. வண்டி ஓடி வந்த கையோடு இதைத் தொட்டால் உள்ளங்கையில் பப்படம் பொரிக்கலாம். இரண்டாவது விதி, பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி ஒதுக்கிவிடுவது. தேவைப்பட்ட ஆயுதங்கள்: ஸ்பேனர் செட், எல்-கீ, துரு இளக்கும் ஸ்பிரே, கார்புரேட்டர் கிளீனர், கையுறை, பழைய டூத் பிரஷ், பழைய பத்திரிகை. (இந்தப் பத்திரிகை இல்லை. எடிட்டர் கவனிக்க.)

மூன்றாம் மாடி ரிடையர்டு மாமா ஃப்ளாஸ்க் சகிதம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“ஏம்ப்பா, அக்கவுண்ட்ஸ் படிச்சவன் ஸ்பேனரைத் தூக்கலாமா?”

“இதுவும் ஆடிட்தான் மாமா. வெளியில போறதையும் உள்ளே வர்றதையும் சரிபார்க்கறேன்.”

பத்து வருஷச் சூட்டில் இறுகிய போல்ட்டுகளிடம் அதிகாரம் செல்லாது. ஸ்பிரே அடித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அலுமினிய உடம்பில் மரை போய்விட்டால் அப்புறம் லேத் பட்டறைதான் கதி. மாமா ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். காப்பி முடிந்தபோது போல்ட்டும் இளகியிருந்தது.

வால்வை வெளியே எடுத்தேன். உள்ளே பார்த்த மாமா, “இதென்னப்பா, கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தினாப்பல இருக்கு?” என்றார். உருண்டை உருண்டையாய், ஈரமான கரி. புகையின் கரியும் என்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியும் கலந்து பிசைந்த மாவு. வால்வின் தண்டு தன் இருக்கையில் போய் உட்கார முடியாமல் நடுவில் ஒரு கரித்துண்டு மாட்டியிருந்தது. மிளகு சைஸ்தான் இருக்கும். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் மிளகு!

சுத்தம் செய்வதில் ஒரே சூட்சுமம். புகை போகிற வாய்ப் பக்கத்தில் மட்டும் கிளீனர் அடிக்க வேண்டும். மோட்டார் இருக்கும் பக்கம் நனையவே கூடாது. மொத்தமாக டப்பாவில் ஊறப்போட்டால் வால்வுக்கு ஈமக்கிரியைதான். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் இருக்கையில் கீறல் விழும், அப்புறம் ஜன்மத்துக்கும் ஒழுகும். பிரஷ்ஷும் பொறுமையும் போதும். கிளீனர் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் சமாசாரம், எனவே திறந்த இடம் தேவை. பீடி, சிகரெட் நண்பர்கள் பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம்.

திரும்ப மாட்டும்போது புது பேக்கிங் போட வேண்டும். பழைய பேக்கிங்கையே வைப்பது, முத்திரை குத்திய தபால் தலையை உரித்து மறுபடி ஒட்டுகிற மாதிரி. போல்ட்டுகளை ஒரே பக்கமாக முடுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். கடைசியில் செல்போனில் பழைய கோடை அழித்தேன்.

பல வண்டிகளுக்கு வைத்தியம் இத்தோடு முடிந்துவிடும். என் வண்டி ஒன்பது நாள் குதிரையாக ஓடிற்று. பத்தாம் நாள் மஞ்சள் விளக்கு மறுபடி கண்ணடித்தது. அதே பி 0402. மறுபடி கழற்றினேன். கரி இல்லை. பளிச்சென்று இருந்தது. ஆனால் தண்டு தன் இருக்கையில் போய் உட்கார மறுத்தது. வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லை. உள்ளேயிருக்கும் மோட்டாரும் பல்சக்கரமும் தேய்ந்தாகிவிட்டது. சுத்தம் செய்து தீராத வியாதி இது. புது வால்வு வேண்டும்.

*

விலை விசாரிக்க மெக்கானிக் அண்ணனிடம் போனேன். டர்போ விஷயத்தில் அவர் மனம் கோணவில்லை. பெருந்தன்மையோடு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“புதுசு எதுக்கு சார்? டம்மி போட்டுடலாம்.”

“டம்மின்னா?”

“ஒரு தகடு வெட்டி வழியை அடைச்சுட வேண்டியதுதான். முந்நூறு ரூபா. விளக்கு எரியாம இருக்க ஸாஃப்ட்வேர்லயும் ஒரு பையனை வெச்சு அமுக்கிடலாம். கரியே பிடிக்காது. பிக்கப் பிச்சுக்கும். புகையும் வராது. புகை டெஸ்ட்டுல கண்ணை மூடிக்கிட்டு பாஸ்.”

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஈ.ஜி.ஆரை அடைத்தால் நல்ல காற்று முழுசாக உள்ளே போகும், கறுப்புப் புகை குறையும். டீசல் வண்டிக்கு நான் சர்டிபிகேட் எடுக்கிற கடையில் குழாயை விட்டு அளப்பது புகையின் கருமையைத்தான். கருமை குறைந்தால் மார்க் கூடும். அந்தச் சமயத்தில் சிலிண்டருக்குள் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்ஸைடு கிடுகிடுவென்று பெருகுமே, அதற்கு அங்கே கேள்வித்தாளே கிடையாது. தப்பு செய்தவனுக்கு முதல் வகுப்பில் தேர்ச்சி!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டம்மி 300 ரூபாய். புது வால்வு, பேக்கிங் சேர்த்து 8,550. வித்தியாசம் 8,250. குழந்தையின் ஸ்கூல் வேன் மாசக்கணக்கில் ஓடும். வரவு, பற்று, பாலன்ஸ் ஷீட் எதைப் புரட்டினாலும் டம்மிதான் லாபம். கணக்கில் எங்கேயும் ஓட்டை இல்லை.

ஓட்டை கணக்கில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நஷ்டம் என் லெட்ஜரில் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான். பிகூ என்ற இங்கிலாந்துப் பொருளாதாரப் பேராசிரியர் 1920-லேயே இதற்கு ஒரு தடிமனான புத்தகம் எழுதிவிட்டார். ஒருத்தன் சம்பாதிக்கும்போது சம்பந்தமில்லாத இன்னொருத்தன் தலையில் விழுகிற செலவு சந்தை விலையில் வராது என்பது அவர் கட்சி. பரீட்சைக்கு அதை உருப்போட்டு எழுதினேன். அர்த்தம் கிடைத்தது ஒரு மெக்கானிக் ஷெட்டில்.

இதைச் சின்னப் பட்டறைச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டது இதன் பெரியண்ணனில்தான். சோதனைச்சாலையில் இருக்கிறோம் என்று காரின் கம்ப்யூட்டர் மோப்பம் பிடித்தால் சமத்தாக நடந்துகொள்ளும். ரோட்டுக்கு வந்தால் மாசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். ரோட்டில் நைட்ரஜன் ஆக்ஸைடு அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை போனது என்றது அமெரிக்க சுற்றுச்சூழல் நிறுவனம். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். இந்தியாவிலும் அந்த வருஷம் டிசம்பரில் 3.2 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அவர்கள் கோடிக்கணக்கில் செய்ததை நம் அண்ணன் முந்நூறு ரூபாய்க்குச் சில்லறையாகச் செய்து தருகிறார்.

சரி, சட்டப்படியும் தப்பு. ஆனால் சட்டத்தை நினைத்து நான் தகட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. நினைத்தது வேறு ஓர் ஆசாமியை.

கார் வாங்குவதற்கு முன் பதினோரு வருஷம் நான் பைக். சைதாப்பேட்டை சிக்னலில் 90 விநாடி நிற்பேன். என் மூக்கு முன்னால் போகிற வண்டியின் சைலன்சரிலிருந்து சரியாக ஒரு முழம் தள்ளி இருக்கும். கர்ச்சீப் கட்டினால் கரியைக் கொஞ்சம் தடுக்கலாம். நைட்ரஜன் ஆக்ஸைடு கர்ச்சீப்பைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வரும். முன்னால் இருக்கிறவர் ஏ.ஸி. போட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் காரில் வால்வு இருக்கிறதா, தகடு இருக்கிறதா? எனக்குத் தெரிய வழியில்லை. அவர் மனசாட்சியை நம்பித்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் இப்போதும் அந்த சிக்னலில்தான் நிற்கிறீர்கள்.

“புதுசே போட்டுடலாம்ணே” என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க இஷ்டம் சார். காசு இருக்கறவங்க.” முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் என்னை அப்படி ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை.

*

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சொல்லி வைத்தால் கிடைக்காத ஸ்பேர் இல்லை. போகும்போது பழைய வால்வைக் கையோடு எடுத்துப் போங்கள். மாடல் பெயரைச் சொன்னால் போதாது. உடம்பில் பொறித்திருக்கும் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே காரில் வருஷத்துக்கு ஒரு வால்வு மாற்றியிருப்பார்கள். பாதி விலையில் ஒரு பெட்டி நீட்டப்படும். பெட்டியில் பெயர் சரியாக இருக்கும், ஒரே ஓர் எழுத்துத் தவிர. புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

மாட்டுவது கழற்றியதன் ரிவர்ஸ். சில கார்களில் புது வால்வைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கும் சடங்கு உண்டு. அதற்குக் கொஞ்சம் பெரிய ஸ்கேனர் வேண்டும், பக்கத்துப் பட்டறையில் செய்து தருவார்கள். சில கார்களில் வால்வு என்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அல்லது கூலண்ட் தண்ணீர் அதன் வழியாக ஓடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டிகளில் இன்னும் பல சம்பந்திகள் கூடியிருக்கிறார்கள். அதிலெல்லாம் வீட்டு வைத்தியம் வேண்டாம். வாரண்டி இருந்தால் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

வால்வு நீண்டகாலம் வாழ வழி? தினமும் இரண்டு கிலோமீட்டர் ஆபீஸுக்கும், காய்கறிக்கும் டீசல் காரை எடுத்தால் என்ஜின் சூடாவதற்குள் நின்றுவிடும். கரி சேர அதைவிட உத்தமமான வழி இல்லை. அவ்வப்போது ஒருமுறை ஜி.எஸ்.டி. ரோட்டில் அரை மணி நேரம் ஒரே சீராக விரட்டுங்கள். கம்பெனி சொன்ன ஆயிலைச் சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். மனைவி புடவைக் கடைக்குள் இருக்கும் முக்கால் மணி நேரமும் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் எப்படியும் வரப்போவதில்லை.

என் கார் இப்போது கத்திப்பாராவில் ஷேர் ஆட்டோக்களைக் கௌரவமாக முந்துகிறது. போன மாசம் சர்டிபிகேட் எடுக்கப் போனேன். கடைக்காரர் குழாயைச் செருகி, நம்பரைப் பார்த்து, காகிதத்தை நீட்டினார். டம்மி போட்டிருந்தாலும் இதே காகிதம்தான். இன்னும் கொஞ்சம் நல்ல மார்க்கோடு கிடைத்திருக்கும்.

அந்த 8,250 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று என் ஆடிட்டர் நண்பனைக் கேட்டேன்.

“நன்கொடைன்னு எழுதிக்கோ.”

“யாருக்கு?”

“பேர் தெரியாதுல்ல? அப்ப வரிவிலக்கு கிடைக்காது” என்று போனை வைத்துவிட்டான்.